காலியாக விடாத கட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

பெரிதாக ஒன்றுமில்லை. ‘தூங்கு’ என்பதற்கான வினைச்சொல் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று அட்டையில் கட்டம் போட்டு எழுதிவரச் சொன்னார் மொழி மிஸ். ஆங்கிலத்தில் ஸ்லீப், டச்சில் ஸ்லாபன், ஜெர்மனில் ஷ்லாஃபன். சுவீடிஷ் கட்டத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்றவற்றின் ஜாடையைப் பார்த்து ‘ஸ்லேபா’ என்று நானே எழுதிவிட்டேன்.

“எல்லாரும் காலியா விட்டுட்டாங்க. எனக்கே தெரியாத சொல்லு, நீ கண்டுபிடிச்சிருக்கியே, கெட்டிக்காரி!” என்று மிஸ் அதைச் சுவரில் ஒட்டினார். அந்த அட்டையைக் காட்டித்தான் அடுத்த வருடமும் எனக்கு விடுதியில் இலவச இடம் கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை நூலகத்தில் பார்த்தேன். சுவீடிஷ் சொல் ‘ஸோவா’. அது வேறு வேரிலிருந்து வந்ததாம். மூன்று இரவாகக் கண் மூடவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, “என்னடி ஆந்தை, இன்னைக்கும் காவலா?” என்று கேட்டுவிட்டுக் குறட்டை விடுகிறாள்.

காலையில் மணி அடிக்கும் முன் மிஸ்ஸிடம் சொல்லிவிடப் போகிறேன். கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைக் கேட்காதே, வார்டன் பக்கத்திலேயே நிற்பார். என் பழைய தலையணை உறையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. விடுதி இடம் பறிபோய் நான் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால் முதலில் தூங்க விடு அம்மா. எழுந்த பிறகு திட்டு.

உன் மகள்