ஏழாவது அடி

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. திண்டிவனத்தில் என் பஞ்சர் கடை ஜோராக ஓடுகிறது. உங்கள் மகள் சங்கீதாவின் படிப்பைப் பற்றி இந்த ஊரில் விளக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் கடையில் எப்போதும் கூட்டம். பயோமெக்கானிக்ஸ் என்றால் என்ன என்று ஒரு காலேஜ் வாத்தியாரே நின்று கேட்டார். மனுஷன் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற மேல்படிப்பு என்றேன். எட்டாவதோடு நின்றவன் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். சரி, எழுதிக்கொள்ளவில்லை, தலையாட்டினார்.

திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு லாரியிலிருந்து விழுந்த பிறகு உங்கள் வலது குதிகால் தரையைத் தொட்டதே இல்லை. அந்தக் காலைப் பார்த்து வளர்ந்ததால்தான் பெண் இந்தப் படிப்புக்கே போனாள். சென்னையில் அவள் காலேஜுக்கு நம்மைக் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? உங்கள் உடம்பெல்லாம் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து நடக்கச் சொன்னாள். "இந்த வயசுல ஜோடிச்சிக்கினு நடக்கிறேன், பாருங்க மச்சான்" என்று சிரித்தீர்கள். அடுத்த மாதமே நெஞ்சுவலி.

நீங்கள் போன பத்தாம் நாள், விழுப்புரம் வீட்டில் சங்கீதா லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்புத் திரை. முகம் இல்லை, உடம்பு இல்லை. வெள்ளைப் புள்ளிகள் மட்டும் ஓரத்திலிருந்து வந்தன. வலது பக்கம் தாழ்ந்து, எழுந்து, மறுபடி தாழ்ந்து. அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தங்கை வசந்தா, முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள். நீங்கள் வீட்டுக்குள் வந்தால் எழுவாளே, அப்படி. அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"போனவர பொட்டியில போட்டு நடக்கவிட்டுக்கினு இருக்கியேடி" என்றாள். இனி படிப்பு வேண்டாம், அவரே வந்து, படிக்கப் போ என்று சொன்னால் பார்க்கலாம் என்று முடித்துவிட்டாள். இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி, மாப்பிள்ளை. சங்கீதா கூடத்து மூலையில் காலேஜ் பையை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு.

பதினாறாம் நாள் படையல். உங்களுக்கு இலை போட்டு, கூடம் முழுக்க அரிசி மாவு தூவி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் தெருவில் நின்றோம். வந்து போகிறவரின் காலடி மாவில் தெரியும் அல்லவா? பட்டப்பகல், நல்ல வெயில். பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் பின்பக்கம் சுற்றி, சமையலறை வழியாக உள்ளே நுழைந்தேன். உங்களைப் போலவே வலது காலில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, இலை வரை ஆறு அடி வைத்தேன். பிறகு சுவரோர பெஞ்சில் ஏறி, அதன் மேலேயே திரும்பி வந்துவிட்டேன். சர்க்கஸ்காரன் தோற்றான்.

ஒன்று மட்டும் கவனித்தேன். காற்றே இல்லை. ஆனால் இலை முன் வைத்த விளக்கின் சுடர், சங்கீதாவின் பை இருந்த மூலைப் பக்கமாகச் சாய்ந்தே இருந்தது.

கதவைத் திறந்ததும், "வந்துட்டாரு" என்று வசந்தா தரையில் விழுந்து கும்பிட்டாள். எழுந்து மகளிடம், போய்ப் படி என்றாள். எனக்கு மார் நிமிர்ந்துவிட்டது. எல்லோரும் பந்திக்குப் போகும்வரை காத்திருந்து சங்கீதா என்னைக் கூப்பிட்டாள். குந்தியபடி, மாவிலிருந்த அடிகளைக் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"மாமா, இது நீங்க. அப்பாவுக்கு வலது காலு தாங்காது. அதனால இடது கால ஜல்தியா கிட்டக்கவே வச்சிடுவாரு. நீங்க எட்டி எட்டி வச்சிருக்கீங்க. வலி இல்லாதவங்க நொண்டுறது இது."

வெறும் ஆறு அடிக்கு இவ்வளவு கணக்கா என்றேன்.

"ஆறு இல்ல மாமா. ஏழு."

இலையைத் தாண்டி, மூலையில், அவள் பைக்கு நேர் எதிரே ஒரு வலது முன்பாதம். குதிகால் இல்லை. சுண்டுவிரல் பக்கம் ஆழமாக அழுந்தியிருந்தது. சுற்றிலும் மாவு கலையவே இல்லை. அந்தப் பக்கம் நான் போகவில்லை, மாப்பிள்ளை.

"இதுவும் நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கண் கெஞ்சியது.

"வேற யாரு? நான்தான்" என்றேன்.

அவள் குனிந்து அந்தச் சுண்டுவிரல் பள்ளத்தைப் பார்த்தாள்.

"இது மட்டும் சரியா வச்சிருக்கீங்க மாமா" என்றாள்.

மறுநாள் அவள் பஸ் ஏறினாள். போன வாரம் ஆய்வேட்டைக் கொடுத்தும்விட்டாள். அதில் முதல் படமே உங்கள் புள்ளிகள்தானாம்.

டீக்கடையில் நான் நாற்பது காலடி பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன், அந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போது எனக்குத் தெரிவதெல்லாம் போகிறவர்கள் வருகிறவர்களின் கால்கள்தான். சில மத்தியானங்களில் குதிகால் படாத ஒரு கால் கடை முன்னால் வந்து நிற்கிறது. நான் நிமிர்வதில்லை. அன்று ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றீர்களே, மற்றக் காலை எங்கே வைத்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை சங்கீதா வருகிறாள். ஏழாவது என்னுடையது இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுவேன். என் பேச்சை அவள் நம்புவாளோ மாட்டாளோ. சொன்ன பிறகு நீங்கள் கடைப் பக்கம் வந்தால், நிமிர்ந்து பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் காலடியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட,
உங்கள் மச்சான்