சொக்கி விளையாடிய வெள்ளிக்கிழமை

நிலாத்தளம், செவ்வாய், காலை 6.30
இன்று இங்கே இருந்தவர்கள்: மேற்பார்வையாளர் குலோத்துங்கன், டாக்டர் ஹெப்சிபா, சமையல் பார்க்கும் வடிவாம்பாளாகிய நான், பூனை சொக்கி. காற்று சரி. தண்ணீர் சரி. இதை எடுத்துப் படிக்கிறவருக்கு: நான் படித்தது நாலாம் வகுப்புதான். ஆனால் எதையும் மறப்பதில்லை.

நிலாவில் உடம்புக்குக் கனம் குறைவு. ஓடிக் குதிக்காத பூனைக்குச் சதை கரைந்துவிடுமாம். சொக்கி குதிப்பதில்லை. கரைகிற பூனைக்குக் காற்று செலவழிக்க முடியாது என்று குலோத்துங்கன் உத்தரவு போட்டான். வெள்ளிக்குள் விளையாடாவிட்டால் விஷ ஊசி. இதோடு வந்த இன்னொரு பூனை செவலைக்கும் முன்பு அப்படித்தான் ஊசி போட்டான். அன்று மத்தியானம் இரண்டாம் முறையும் ரசம் வாங்கிக் குடித்தான்.

புதன், காலை 9.00
புடவை நூலில் பந்து. சொக்கி திரும்பிப் பார்க்கவில்லை. சாவி கொடுத்த எலி. மோந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. காகிதத் தட்டானைப் பறக்கவிட்டேன். கொட்டாவி.

பேசுகருவியில் குலோத்துங்கன்: "ஏ ஆச்சி, அது பூனையா, தலகாணியா?"

ஹெப்சிபா சிரித்தார். அவரையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

வியாழன், மதியம் 1.00
ஹெப்சிபா சரக்குக் கலத்தில் பூமிக்குக் கிளம்பிவிட்டார். ஊசியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் போனார். கலத்திலிருந்து பேசினார்: "மன்னிச்சிருங்க ஆச்சி. அவர் சொன்னா நான் என்ன செய்ய?" அழுதார். மன்னித்தேன்.

சொக்கி பாலும் குடிக்கவில்லை.

வெள்ளி, காலை 10.15
குலோத்துங்கன் முதுகில் காற்றுக்குடுவையோடு, பூமியோடு பேசும் அலைவாங்கியைப் பழுதுபார்க்க வெளியே போனான். வந்ததும் ஊசி என்றான். வாசல் கதவை உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும். அவனே போட்ட விதி.

11.40
வெளியிலிருந்து வாசல் மணியை அமுக்கினான். உள்ளே சுவரில் சிவப்பு விளக்கு மின்னியது. சொக்கியின் காது நிமிர்ந்தது. எழுந்தது. பாய்ந்து விளக்கை அறைந்தது!

11.45
"ஆச்சி, கதவத் தொறங்க."

"பொறு தம்பி. பூனை வெளையாடுது."

"அதெல்லாம் அப்புறம். காத்து கொறையுது ஆச்சி!"

"நீ கேட்டதுதானய்யா. இன்னொரு தடவ அமுக்கு."

அமுக்கினான்.

12.05
விடாமல் அமுக்குகிறான். சொக்கி சுவரில் ஏறுகிறது, புரளுகிறது, குட்டி மாதிரி துள்ளுகிறது.

"ஊசி இல்ல ஆச்சி. சத்தியமா இல்ல."

செவலையைத் தூக்கிக்கொண்டு போனபோதும், சும்மா பரிசோதனை என்றுதான் சொன்னான். என் விரல் திறக்கும் பொத்தான்மேல் இருக்கிறது. அழுத்த வரவில்லை.

12.30
விளக்கு நின்றுவிட்டது. சொக்கி கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. பிறகு என்னைப் பார்க்கிறது.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவ" என்று கேட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

பாவம், இப்போதுதான் விளையாட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திவிட்டான். இதையும் மறக்க மாட்டேன். ஹெப்சிபாவை மன்னித்தாயிற்று. மன்னிக்காதது ஒருத்தனைத்தான்.

குலோத்துங்கன்.