படையலுக்கு முன்னால் ஒரு வாய்

அக்கா,

மாடியில் குடியிருக்கும் பெண் காலையிலிருந்து கொப்பரையும் தனியாவும் பட்டையும் வறுத்துக்கொண்டிருக்கிறாள். பிஸிபேளாபாத் பொடி. வாசனை படியிறங்கி வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனை வந்தால் எனக்கு உன் முதல் சமையல் கிளாஸ்தான் ஞாபகம்.

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் நம் வீட்டுக் கூடம் முழுக்கத் தறி. உன் கணவர், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், தவறிப்போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உனக்குப் பிள்ளையும் இல்லை. "அண்ணி எத்தினி நாளைக்கு இங்க இருக்கறது? முசரவாக்கத்துல அவங்க தம்பி வூடு இருக்குதே" என்று இவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பித்தார். அந்தத் தம்பி பெண்டாட்டியின் வாய் ஊரறிந்தது. அங்கே போனால் மாட்டுக்கொட்டகையில்தான் நீ காலம் தள்ள வேண்டியிருக்கும்.

நாலு காசு சம்பாதித்தால் இங்கேயே இருந்துவிடலாம் என்று சமையல் கிளாஸ் உன் யோசனை. புருஷனோடு பெங்களூரில் இருந்தபோது கற்ற பண்டமெல்லாம் உன் கையில் இருந்தது. தெருவில் புது மருமகள்கள் கேட்டு நச்சரித்தார்கள். தறிக்கு லீவு விடும் அமாவாசை அன்றுதான் கூடம் ஒழியும், பெண்களுக்கும் வேலை ஒழியும். இவர் ஒரே நிபந்தனை போட்டார்: "முதலாளி வூட்டம்மாவும் வராங்களாம். அவங்க மூஞ்சி சுளிச்சா அதோட சரி. அண்ணி பொட்டியக் கட்டட்டும்." நமக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்பவர்தான் முதலாளி. அவர் வீட்டம்மாவைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

அமாவாசையில் இருந்த வம்பு நம் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை, பார்! முன்னோருக்குப் படைக்கும்வரை சமைத்ததை யாரும் வாயில் வைக்கக் கூடாது. வந்தவர்கள் அத்தனை பேரும் விரதம். உன் கணவருக்குப் படைப்பதும் அந்தப் பானையிலிருந்துதான்.

நீ பிஸிபேளாபாத்துக்குப் பருப்பு, புளி, பொடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். நான் பக்கத்தில் நின்று உப்பைப் போட்டேன். நீ திரும்பி, "இப்ப உப்பு" என்று அதே பானையில் இன்னொரு கை அள்ளிப் போட்டாய். ஜாடை காட்டினேன், நீ பார்க்கவில்லை. காதில் சொன்னபோது உன் முகம் செத்துப் போனது.

தனியாக வடித்து வைத்திருந்த சோற்றையும் மிச்சப் பருப்பையும் பானையில் கொட்டிக் கிளறினாய். சரியாகிவிட்டதா? யாருக்குத் தெரியும்! முதலாளி வீட்டம்மா கண்ணெடுக்காமல் பார்த்தார். வாசற்படியில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

நீ கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, வாயில் போட்டுக்கொண்டாய்.

"ஐயய்யோ!" என்றாள் ஒருத்தி.

"இன்னா அண்ணி இது! அண்ணனுக்குப் படைக்கறதுக்கு முந்தியே எச்சில் பண்ணிட்டீங்களே!" இவர் கத்திய கத்தல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

நீ நிதானமாக முழுங்கிவிட்டுத்தான் திரும்பினாய். உப்பு சரியாக இருந்ததை உன் கண்ணிலேயே பார்த்துவிட்டேன். "உங்க அண்ணன் உசுரோட இருக்கசொல்ல, நான் ருசி பாக்காம ஒரு வாய் துன்னது கெடயாதுப்பா. 'நீ மொதல்ல பாரு'ம்பாரு. இப்ப செத்துட்டாருன்னு இன்னாத்தையோ ஒண்ண அவருக்குப் போட்ருவனா?"

நான் முதலாளி வீட்டம்மாவின் முகத்தையே பார்த்தேன். புருவம் ஏறியது. போச்சு, முசரவாக்கம்தான் என்று நினைத்தேன். பிறகு அந்த வாய் கோணியது. அந்தம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை!

"அடியம்மா! அப்ப எங்க மாமனாரு எத்தினி அமாவாசையா உப்பில்லாம துன்னுக்கினு இருக்காரோ! பாவம், வாயத் தொறந்து கேக்கவும் முடியாது!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாய். உன் கணவர் போனபிறகு நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இவர் வாழையிலை அறுக்கப் போனார். அதற்குப்பிறகு முசரவாக்கம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அடுத்த அமாவாசைக்குக் கூடம் கொள்ளாத கூட்டம். கண் மூடும்வரை நீ அந்த வீட்டில்தான் இருந்தாய், தலை நிமிர்ந்து இருந்தாய்.

இப்போது உனக்கும் சேர்த்துத்தான் என் மகன் படைக்கிறான். நான் கரண்டியைத் தூக்கினாலே, "அம்மா, சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதுமா" என்று முறைக்கிறான். முறைக்கட்டுமே. உப்புப் பார்க்காத சோற்றை உனக்குப் போட எனக்கு மனசு வராது, அக்கா.