ஸ்பிரிங்வெளிக்கு வந்த கடல் முள்ளெலிகள்

டாக்டர் ஐயா,

நேற்று பதுளைக் கடைவீதியில், முஸ்லிம் நானாவின் கடை அலமாரியில் கடல் முள்ளெலி ஓடு ஒன்றைக் கண்டேன். முள்ளெல்லாம் உதிர்ந்து, சின்னப் பூசணி போல வெள்ளையாக இருந்தது. விடுவேனா? கையில் எடுத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். "இது காய் இல்லைங்க, பிராணி. இந்தா, இதுதான் வாய்" என்று உச்சித் துளையைக் காட்டினேன்.

மட்டக்களப்பு மீன் லாரிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "கணக்கப்பிள்ளை ஐயா, அது கழிக்கிற வழி. வாய் அடியில!"

கடையே சிரித்தது. பாறையைச் சுரண்டித் தின்னும் பிராணிக்கு வாய் கீழேதான் இருக்கும் என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவருக்கு இந்தக் கடல் பிராணி எதற்கு என்று அந்நாளில் துரை முதல் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கிற ஆட்கள் வரை கேட்டார்கள். நிலவு வளர வளர இவற்றின் வயிற்றில் முட்டை நிறைகிறது என்று கடற்கரையில் சொல்வது மெய்யா என்று நீங்கள் அறிய விரும்பினீர்கள். அதற்காகப் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வரவழைத்து அறுத்துப் பார்த்தீர்கள்.

நான் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றது விஞ்ஞானத்துக்காக அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்ற அறிவு அவ்வளவு தூரம் எட்டாது. என் வீட்டில் அப்போது மூன்றாவது கர்ப்பம். முந்தைய இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. மருந்து உங்கள் கையால்தான்.

ஒரு தடவை உயிரோடு வேண்டும் என்று சொல்லி, லாரியில் பீப்பாயோடு வரவழைத்தீர்கள். வந்தவற்றில் முக்கால்வாசி முள் தொங்கிச் செத்துக் கிடந்தன. டிரைவர் பெருமையாகச் சொன்னார்: "கடல் தண்ணி நாறிப்போச்சுங்க. பாதியக் கொட்டிட்டு லுணுகலையில மலையிலருந்து விழுற நல்ல பீலித் தண்ணியா புடிச்சு ஊத்துனேன்."

நீங்கள் திட்டவில்லை. "நல்ல தண்ணிதான்யா, நமக்கு" என்றீர்கள்.

பிழைத்தவற்றை அப்போதே அறுத்தீர்கள். ஒன்றில் மஞ்சளாக முட்டை. இன்னொன்றில் பால் போல விந்து. போத்தலில் தனியாக வந்த கடல்நீரில் இரண்டையும் கலந்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்து என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஒண்ணும் தெரியலீங்களே."

"ஒரு கண்ணை மூடுங்க கணக்கப்பிள்ளை. ரெண்டையும் இல்ல."

பிறகு தெரிந்தது. உருண்டையாக ஒரு முட்டை. வெகுநேரம் கழித்து அதன் நடுவே ஒரு கோடு விழுந்தது, ஒன்று இரண்டாயிற்று. அப்புறம் நான்கு. பக்கத்திலிருந்த இன்னொன்றிலும் கோடு விழுந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

"அது ஏனுங்க நிக்குது?"

"தண்ணியா இருக்கலாம். உள்ளுக்குள்ளயே ஏதாச்சும் இருக்கலாம். யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது."

அடுத்த பௌர்ணமிக்கு நீங்களே கடற்கரைக்குப் போனீர்கள். காட்டுக் காய்ச்சலோடு திரும்பினீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவர் பிறகு எழவேயில்லை. உங்கள் கையில் விழ வேண்டிய என் மகள், எங்கள் லயக் குடியிருப்பு மருத்துவச்சி கையில் விழுந்தாள். விழுந்ததும் வீறிட்டு அழுதாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் ஓடி வருகிறவள் மூச்சு வாங்கச் சற்று நின்றாலே நான் எழுந்து போய் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அந்த முட்டை பாதியில் நின்ற அன்று, நான் நுண்ணோக்கியை விட்டு நகராததைப் பார்த்து, "என்ன யோசனை?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுமில்லீங்க, கண்ணு கூசுது" என்றேன்.

கேட்க நினைத்தது வேறு. எங்கள் வீட்டு இரண்டும் இப்படி நின்றபோது, அவற்றுக்கு வலித்திருக்குமா ஐயா?