வேம்பு விழுங்கிய கேபிள் டை

இன்று காலை துணி காயப்போடும்போது கை வேப்பமரத்தில் பட்டது. விரலில் பிளாஸ்டிக் நிரடியது. நீ போட்ட கேபிள் டை, வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை.

சுங்குவார்சத்திரத்தில் நாம் வாடகைக்கு எடுத்த அதே அறைதான். நான் இன்னும் காலி செய்யவில்லை. குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக முளைத்த கன்று அது. அப்போது பென்சில் கனம்கூட இல்லை. பச்சைத் தண்டு, காற்றடித்தால் தரையைத் தொடும். நீ பக்கத்தில் ஒரு கம்பியை நட்டு, நம் கம்பெனி லைனில் வயர்க்கட்டை இறுக்குவதுபோலவே டையைப் போட்டு இழுத்தாய்.

“கொஞ்சம் லூஸா வுடுடா, தண்டு தடிக்கும்” என்றேன்.

“இன்னா மச்சான், லூஸா வுட்டா நீதான ரிஜெக்ட் பண்ணுவ?”

குவாலிட்டியில் இருப்பவன் நான், லூஸான கட்டைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. “தடிச்சா அறுத்துட்டு வேற போட்டுக்கலாம், வுடு” என்று டையின் வாலையும் ஒட்ட நறுக்கினாய்.

அது தடித்ததைப் பார்க்க நீ இல்லை. ஷிப்டுக்குப் போகிற வழியில் லாரி. இதற்கு மேல் எழுத எனக்கு வராது. லைனில் உன் இடத்தில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். டை இறுகும் சத்தம் கேட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

மரத்துக்குப் பச்சை போய்ப் பட்டை வந்துவிட்டது. தண்டு எப்படிக் கட்டையாகிறது என்று போனில் தேடிப் படித்தேன். செல்களின் சுவர் தடித்து இறுகுகிறது. பிறகு உள்ளே உயிர் போய்விடுகிறது. மரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதில் பெரும்பகுதி அந்தச் செத்த செல்கள்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

டைக்கு மேலே தண்டு வீங்கியிருக்கிறது, கீழே ஒல்லி. இலை செய்த உணவு பட்டை வழியாக வேருக்கு இறங்க முடியவில்லை. உச்சி இலைகள் மஞ்சள். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: “இன்னா தம்பி, பாத்துகினே கீற? அத்த அறுத்து வுடு. இல்லாங்காட்டி மரம் பூடும்.”

தெரியும். ஆனால் உன் கை இறுக்கியதில் இங்கே மிச்சம் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் உன் வீட்டார் வல்லக்கோட்டைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கட்டிங் பிளேயரைப் பிடித்துக்கொண்டு, டீ ஆறிப்போகும்வரை நின்றேன்.

அறுத்தேன். வெளியே தெரிந்த பாதிதான் வந்தது. மறுபாதியைப் பட்டை மூடிவிட்டது, இழுத்தால் கிழியும். இழுக்கவில்லை. இனி வருஷாவருஷம் அதன்மேல் கட்டை ஏறும். வெளியே ஒன்றும் தெரியாது. என்றைக்காவது யாராவது இந்த மரத்தை அறுத்தால், ரம்பத்தின் பல் அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கும்.

அதுவரை உள்ளேயே இரு மச்சான்.