கல்குடாவுக்குப் போன காற்று எச்சரிக்கை

நவம்பர் 4, திங்கள்

விடியத் தொடங்கிய தூறல் மதியம் வரை விடவில்லை. துணி ஒன்றும் காயவில்லை. கரண்ட் போய் வந்தது, மறுபடி போனது. மறுபடி போனது சரியாகக் காலைக் கூட்டத்தின் நடுவில். திரும்பி இணைந்தபோது எங்கள் டீம் லீட் நுவன், கொழும்பில் ஏசி அறையில் இருந்துகொண்டு, மட்டக்களப்புக்கு இன்னும் கரண்ட் வரவில்லையா என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேனோ.

இன்றைய எரிச்சல்கள்:

– நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்ற கேள்வி. நேற்றுப் பாதி நேரம் போனது இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்ததில்.

– கமரா ஓடும்போது எனக்குப் பின்னால் அம்மா, கையில் ஈரத்துணி வாளி.

– பக்கத்து வீட்டு மாமியின் போன் சூடாகிறதாம். கம்ப்யூட்டர் படித்தவள் என்றால் போன், பிரிண்டர், டீவி ரிமோட் எல்லாம் என் தலையில்.

– சிவப்புப் பட்டி. மாதக்கணக்காகக் கேட்கிறேன். எங்கள் ஆப் மீனவருக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புகிறது. அதை அனுப்பும் பக்கம் இரண்டு. ஒன்று டெஸ்ட், எங்கள் போன்களுக்கு மட்டும். மற்றது லைவ், ஊருக்கே போகும். இரண்டும் ஒரே நிறம், ஒரே பொத்தான். லைவ் பக்கத்தின் மேலே ஒரு சிவப்புப் பட்டி போடட்டுமா என்றால், அவசரமில்லை, பிறகு என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பின்னேரம் தமிழ் எழுத்து சின்னப் போனில் மடிந்து வருகிறதா என்று பார்க்கும் வேலை. டீமில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. 'டெஸ்ட் டெஸ்ட்' என்று எழுத எனக்குப் பிடிக்காது. வசனம் உண்மை மாதிரி இருந்தால்தான் வரி எங்கே உடைகிறது என்று தெரியும். எழுதினேன்: "கல்குடாக் கடலில் நாளை கடும் காற்று. கடலுக்குச் செல்ல வேண்டாம்." அக்கா கல்யாணம் முடித்துப் போன ஊர். கைக்கு முதலில் வந்தது அதுதான்.

அனுப்பினேன். மேசையில் இருந்த டெஸ்ட் போன் கூவியது. எழுத்து அழகாக வந்திருந்தது. சந்தோசம்.

குசினியிலும் ஒரு போன் கூவியது.

அம்மாவின் போன். மருமகன் கடலுக்குப் போகிறவர் என்று அம்மா ஆப்பில் கல்குடாவைத் தெரிவு செய்து வைத்திருக்கிறார். அது டெஸ்ட் போன் இல்லை. நான் நின்றது லைவ் பக்கத்தில்.

அனுப்பியதைத் திரும்ப எடுக்க ஆப்பில் வழியில்லை. அதுவும் "பிறகு" பட்டியலில். பிழை என்று இன்னொரு செய்தி அனுப்பலாம். அனுப்பினால் நுவன் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். லைவில் கை வைக்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும் என்பது சட்டம்.

அக்காவுக்குக் கோல் எடுத்தேன். அத்தான் எங்கே என்றேன்.

"வள்ளத்தில ஐஸ் ஏத்தி வெச்சிட்டுத்தான் போனப் பாத்தார். இப்ப இறக்கிறார் புள்ள. பக்கத்து வள்ளக்காரருக்கும் சொல்லிட்டார், எங்கட மச்சாள்ட கொம்பனி அனுப்பினது, பிழைக்காது எண்டு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். சரி அக்கா என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வெயில். சொல்லி வைத்த மாதிரி வெயில். காற்று என்ற பேச்சே இல்லை. நேற்றைய துணி எல்லாம் பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோசம்.

காலைக் கூட்டம். நேற்று என்ன செய்தாய்? தமிழ் எழுத்து பார்த்தேன். பிரச்சினை ஏதும்? இல்லை. அவ்வளவுதான், என் வாயில் இருந்து எவ்வளவு சுலபமாக வந்தது.

நுவன் அந்த எச்சரிக்கை போனதைப் பார்த்திருக்கிறார். வானிலைக் கந்தோர், அதுதான் அரச வானிலை அலுவலகம், அனுப்பும் எச்சரிக்கை ஆப்புக்குத் தானாக வரும்; இதுவும் அப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டார். தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் இருந்திருந்தால், கந்தோர்த் தமிழ் இப்படி இராது என்று உடனே பிடித்திருப்பார்.

அக்கா மத்தியானம் எடுத்தாள். கல்குடாக் கரையில் வள்ளம் எல்லாம் மண்ணில் கிடக்கிறதாம். கடல் குளம் மாதிரிக் கிடக்கிறதாம். வாழைச்சேனைப் பக்கத்து வள்ளங்கள் போய் நிறைய மீனோடு வந்துவிட்டனவாம். அத்தானின் ஐஸ் முற்றத்தில் கரைந்து ஓடுகிறதாம். அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நவம்பர் 6, புதன்

மப்பு வானம், வெயில் இல்லை. வாவிப் பக்கமிருந்து கொசு. மாமியின் போன் பார்த்துக் கொடுத்தேன். பேரன் ஏற்றிய விளையாட்டு, வேறொன்றுமில்லை.

பிற்பகல் பெரிய கூட்டம். இந்த ஆப்புக்குப் பணம் தரும் நிறுவனத்துப் பெண்மணியும் வந்திருந்தார். நுவன் திரையைப் பகிர்ந்தார். முதல் படமே எனக்குத் தெரிந்த இடம். கல்குடாக் கரை. மண்ணில் இழுத்து வைத்த வள்ளங்கள். அத்தான் போனில் எடுத்து ஊர்க் குழுவில் போட்ட படம். எப்படியோ சுற்றிச் சுற்றிக் கொழும்புக்குப் போயிருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், மக்கள் எச்சரிக்கையைக் கேட்கிறார்கள் என்று.

பெண்மணி நெஞ்சில் கை வைத்தார். எத்தனை உயிர் காப்பாற்றப்பட்டிருக்கும் என்றார். பிறகு, மட்டக்களப்பில் இருந்து வேலை செய்யும் எங்கள் தங்கை இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார்.

சொன்னேன். என் ஊர் மக்களுக்கு உதவுவது பெருமை என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் பொய் சொல்ல எனக்குக் கூச்சம் குறைவு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சீ.

இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. படம் காட்டுகிறவர்கள் எல்லாம் பொய்க்காரர், வேலை செய்கிற நாங்கள் நேர்மைக்காரர் என்று. அது முடிந்தது.

நவம்பர் 8, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, அல்லது எழுத மனமில்லை.

இன்று மழை இல்லை. அம்மாவோடு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தேன். சாமியிடம் சொல்லலாம் என்று போனேன். அங்கேயும் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

வந்து பார்த்தால் அத்தான் வாசலில். பட்டணத்தில் எஞ்சின் சாமான் வாங்க வந்தவர், அம்மாவுக்கு ஒரு பாரை மீனும் கொண்டு வந்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், வெறுங்கையோடு வரமாட்டார். தேத்தண்ணி கொடுத்தேன். அம்மாதான் சொன்னார், கரையில் அவரை இப்போது "காத்து" என்று கூப்பிடுகிறார்களாம். காத்து வருது, காத்து போகுது என்று. அத்தானும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பார்க்க முடியவில்லை.

போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"புள்ள, அந்த மெசேஜ் ஆரு அனுப்புற?"

"வானிலைக் கந்தோர்தான் அத்தான்."

"ஓ. அவங்களுக்கும் பிழைக்கும்தானே."

மறைத்தது வேறு, முகத்தைப் பார்த்துச் சொன்னது வேறு. இன்றைக்கு நான் சொன்னது முழுப் பொய். அதுவும் அவர் என் பக்கம் நின்று எனக்காக வழக்காடிக்கொண்டிருக்கும்போது. மீன் குழம்பு நல்லாயிருக்கு என்று அம்மா சொன்னார். நான் சோற்றில் ரசத்தை விட்டுச் சாப்பிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் தலை முழுகினேன். பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் போன் கூவியது. அம்மாவின் போனும். "பாசிக்குடா முதல் கல்குடா வரையான கடற்பரப்பில் இன்றிரவு பலத்த காற்று எதிர்பார்க்கப்படுகிறது." எதிர்பார்க்கப்படுகிறது. கந்தோர்த் தமிழ். எனக்கு இப்படி வராது. ஓடிப்போய் மடிக்கணினியில் பார்த்தேன். கந்தோரில் இருந்து வந்ததுதான். இந்த முறை உண்மை.

அக்காவுக்கு எடுத்தேன். அத்தான் ஐஸ் ஏற்றுகிறாராம். கரையில் எல்லோரும் மெசேஜைப் பார்த்துவிட்டு, காத்து வருதாம் காத்து என்று அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். ரேடியோவும் சொன்னதுதான். ரேடியோ மழைகாலம் முழுக்கத் தினமும் அதைத்தான் சொல்கிறது, யார் காதில் எடுக்கிறார்கள். இண்டைக்கு நிண்டா என்ட மானம் போயிரும் என்று அத்தான் சொன்னதாக அக்கா சொன்னாள். அவருக்கு எடுத்தேன். எடுக்கவில்லை.

போனில் தீராது என்று தெரிந்துவிட்டது. அம்மாவிடம் அக்கா வீட்டுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வாழைச்சேனை பஸ் பிடித்தேன். ஏறாவூரில் சனம் ஏறி முடியுமட்டும் நின்றது. செங்கலடியில் நின்றது. கிரானில் நின்றது. ஒவ்வொரு தரிப்பிலும் திரும்பிப் போய்விடலாம் என்று மனம் சொன்னது. கல்குடாச் சந்தியில் இறங்கி ஓட்டோ.

வள்ளங்கள் இன்னும் தள்ளவில்லை. ஆண்கள் கூட்டம். என்னைக் கண்டதும் ஒருவர், இந்தா காத்துட மச்சாள் என்றார். சிரிப்பு. அத்தான், என்ன புள்ள இந்த நேரத்தில என்று கிட்ட வந்தார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் ஒருவர் நின்றால் போதாதே. சத்தமாகவே சொன்னேன்.

"அண்டைக்கு வந்த மெசேஜ் கந்தோர் அனுப்பல்ல. நான் அனுப்பினது. பாத்துப் பழகிற இடம் எண்டு நினைச்சி லைவில அனுப்பிட்டன். இண்டைக்கு வந்தது என்ட இல்ல, கந்தோர்ட. போகாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், நரை மீசை, கேட்டார்:

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் மனே வாயத் திறக்கல்ல?"

"வெக்கம் மாமா."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. நேரே போய்த் தன் வள்ளத்தில் இருந்து ஐஸ் பெட்டியை இறக்கினார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். இரண்டு வள்ளத்துக்காரர் மட்டும், எங்களுக்கு இனிக் கதை வேணாம் என்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா வீட்டில் தேத்தண்ணி தந்தாள். தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். பொழுதுபடும் முன் பஸ்.

நவம்பர் 11, திங்கள்

காற்று வரவில்லை.

முருங்கையில் ஒரு இலை அசையவில்லை. வானிலைக் கந்தோர் காலையில் விளக்கம் தந்தது, காற்றைக் கொண்டுவர இருந்த தாழமுக்கம் வடக்கே திரும்பிவிட்டதாம். போன இரண்டு வள்ளமும் சுகமாகத் திரும்பி வந்தன, நிறையச் சூரை மீனோடு. அவர்கள் சுகமாக வந்ததில் என் நெஞ்சு ஆறியது, அது சத்தியம். ஆறிய கையோடு, கொஞ்சமாவது காற்று அடித்திருக்கக்கூடாதா என்றும் நினைத்தேன். என்ன மனுசி நான்.

கூட்டத்தில் நேற்று என்ன செய்தாய் என்ற கேள்விக்கு இந்த முறை உண்மையைச் சொன்னேன். முதலாவது எச்சரிக்கை, கரை, எல்லாம். நுவன் சிவப்புப் பட்டி வேலையை அவசரம் என்று மாற்றி, என் பெயரிலேயே போட்டு, இன்றைக்குள் முடி என்றார். கூட்டத்தில் காட்டிய கல்குடாப் படத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அறிக்கை மேலே போய்விட்டது, அதை விடு என்றார்.

பட்டி போட்டு முடித்தேன். அரை மணி நேர வேலை.

நவம்பர் 12, செவ்வாய்

மூன்று மணி. மூட்டம், மழை இல்லை. சற்று முன் அத்தான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

"புள்ள, ஆப்ப அழிச்சிட்டன். இனி உன்னட்டத்தான் கேப்பன். அவ்வளவு ஆக்களுக்கு முன்னால வந்து நிண்டு சொன்னாய், அதுவே எனக்குக் காணும், போதும். சொல்லு, இண்டைக்குப் போகட்டா?"

கொஞ்சம் பொறுங்க அத்தான், பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

லைவ் பக்கத்தைத் திறந்தேன். கல்குடாவுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆனால் காற்று இல்லாவிட்டாலும் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். கந்தோரோடு இணைப்பு அறுந்து கிடந்தாலும் அதே வெறுமைதான். எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்தைக் கட்டியவள் நான்.

கந்தோர் நம்பருக்கு அடிக்கிறேன். மணி போகிறது, எடுக்கிறார்கள் இல்லை. அத்தான் கரையில் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.