சாப்பிடுது, குடுங்கக்கா

அக்கா,

இன்று காலை மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் முதியோர் இல்லத்தின் பெண்கள் பகுதிக்குள் நுழைந்ததும் துளசி வாசம் அடித்தது. டெட்டாலையும் தைலத்தையும் மீறி வருகிற வாசம். புரட்டாசி சனிக்கிழமை. தாடிக்கொம்பு பெருமாள் கோயிலிலிருந்து யாரோ கொண்டுவந்த துளசியை ரெங்கம்மா ஆத்தா தலையணை ஓரம் வைத்திருந்தார். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நீங்கள் நெஞ்சுவலியில் போய் மூன்று மாதம் ஆகிறது. அகரத்தில் உங்கள் வீட்டு வாசலில் எல்லோரையும் விடச் சத்தமாக அழுதவள் நான்தான். "யாருத்தா இது, இம்புட்டு அழுகுது?" என்று உங்கள் நாத்தனார் விசாரித்தாராம். பாசம் என்று நினைத்திருப்பார். பாதிதான் பாசம், அக்கா.

நாம் இருவரும் நாற்பது வயதுக்கு மேல் நோட்டும் பேனாவுமாகப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனவர்கள். யாருக்கு, எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்று நீங்கள் முன் பெஞ்சில் உருப்போடுவீர்கள். பின் பெஞ்சில் நான், டீச்சருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் பேச்சு ஏன் நின்றுபோனது என்று ஆராய்ந்துகொண்டிருப்பேன். பாஸானது இரண்டு பேரும்தான். அதுதான் வினை.

சர்க்கரை மாத்திரை என்றால், கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வருவதைப் பார்த்த பிறகே கொடுப்பீர்கள். "கண்ணு பாக்கணும்டி. வாய் பாக்காது" என்பீர்கள்.

போன வருஷம் அந்தத் தப்பு நடந்த அன்றைக்கும் புரட்டாசி சனிக்கிழமைதான். எதிர்க் கட்டிலில் ஒருவருக்குத் தண்ணீர் புரையேறி, நீங்கள் அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தீர்கள். "அடியே, ரெங்கம்மா சாப்பிடுதா, செத்த பாரு" என்றீர்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். சாணார்பட்டியில் சமையல்காரம்மாவின் சம்பந்தி வீட்டுப் பந்தியில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்தாமல் நடந்த சண்டை, நல்ல கட்டத்துக்கு வந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "சாப்பிடுது, குடுங்கக்கா."

நீங்கள் வந்தபோது ஆத்தாவின் தட்டில் சட்னி மட்டும்தான் இருந்தது. நம்பிக் கொடுத்தீர்கள். மருந்து விரதத்தைக் கெடுக்காது என்பது ஆத்தாவின் சட்டம். அதனால் மறுக்காமல் விழுங்கினார். விரதம் என்று சொன்னால் திட்டுவோமென்று, நான்கு இட்லியையும் பக்கத்துக் கட்டில் எஸ்தரம்மாவுக்குத் தள்ளிவிட்டிருந்தார். எஸ்தரம்மா ஜெபம் பண்ணிவிட்டு எட்டு இட்லி சாப்பிட்டிருந்தார்.

பதினொரு மணிக்கு ஆத்தாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. நீங்கள்தான் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போனீர்கள். இரண்டு நாளில் ஆத்தா திரும்பிவிட்டார்.

"யாரு பாத்துக் குடுத்தது?" என்று இல்லத்துப் பொறுப்பு சிஸ்டர் கேட்டார்.

"நான்தான் சிஸ்டர். கையெழுத்து என்னோடது."

எதற்கும் ஓயாத என் வாய் அன்றைக்குக் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துக் கிடந்தது. தனியாக மட்டும் கேட்டேன்: "ஏன்க்கா என்னையச் சொல்லல?"

"பாக்க வேண்டிய வேலைக்கு உன் வாயக் கேட்டேன்ல, அது என் தப்பு. உன் தப்ப நீயே சொல்லிக்க."

நான் சொல்லவில்லை. உங்களை மாத்திரை வேலையிலிருந்து எடுத்துத் துணி மடிக்கப் போட்டார்கள். நீங்கள் போர்வையோடு போகும்போதெல்லாம், "என்னையக் கொல்லப் பாத்தவ வாரா பாரு" என்பார் ஆத்தா. நீங்கள் போர்வையை விரித்துவிட்டுப் போவீர்கள். நான் பக்கத்தில் நின்று ஏதாவது ஜோக் சொல்வேன்.

இப்போதெல்லாம் விரத நாளில் என்ன செய்வதென்று டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். சர்க்கரை மாத்திரை மதியச் சோற்றோடுதான். அதனால் இன்று காலை பிரஷர் மாத்திரை மட்டும் எடுத்துப் போனேன். ஆத்தா கையை நீட்டியபடியே, "நீ நல்லவ. அந்த அகரத்துக்காரி மாதிரி இல்ல" என்றார்.

"ஆத்தா, அன்னைக்கு நீங்க சாப்பிடுறதாப் பாக்காமச் சொன்னது நான். என் பேச்ச நம்பித்தான் அவங்க குடுத்தாங்க."

எஸ்தரம்மா மெல்லுவதை நிறுத்தினார்.

"அவள நான் அம்புட்டுப் பேசுனேனே. கேட்டுக்கிட்டா நின்ன?"

"நின்னேன்."

நீட்டிய கையை ஆத்தா மடக்கிக்கொண்டார். "மாத்திரைய வையி. சிஸ்டரக் கூப்புடு."

சிஸ்டரிடமும் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்; எழுதிக் கொடுத்துவிட்டேன். மதியம் ஆத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அவளுக்குப் பிள்ளைக இருக்கா?"

"ஒரே மக."

"வரச் சொல்லு. நான் பேசணும்."

உங்கள் மகளின் எண் என் போனில் இருக்கிறது. மதியத்திலிருந்து இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். "அம்மா கவனமில்லாம மாத்திரை குடுத்துட்டாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டாங்களே அத்தே" என்று, உங்கள் காரியத்தன்று அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இதை எழுதி முடித்ததும் அவளைக் கூப்பிட வேண்டும்.